கம்பி சுற்றிய த்ரீ நாட் த்ரீ

போன ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் புதுப் பெயர்ப்பலகையை வைத்துப் பூட்டினோம். பழைய பலகையில் மூன்று வரி இருந்தது: ‘முதல் உலகப் போர்த் துப்பாக்கி. இங்கிலாந்தில் 1917இல் செய்தது. மெசபடோமியாவில் குண்டடி பட்டுக் கம்பிக் கட்டுப் போட்டது.’ மெசபடோமியா என்றால் இன்றைய இராக். இந்த மூன்றில் நடு வரியில் பாதிதான் கடைசியில் தேறியது. அந்தப் பாதியைப் பிரித்தெடுக்க ஏழு ஞாயிறு பிடித்தது.

துப்பாக்கி எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கக் கட்டடத்தில் இருக்கிறது. பலகையில் எழுத்து மங்கிவிட்டது, புதிதாக எழுத வேண்டும் என்றுதான் சுபேதார் சார் என்னைக் கூப்பிட்டார். நான் ஐ.டி.ஐ.யில் பிட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், துப்பாக்கி சுட்டதில்லை. ஆனால் இரும்பில் அடித்த முத்திரையைப் படிப்பது எனக்குப் பழக்கம். “வாத்தியாரே, எழுதுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துச் சொல்லிடுங்க” என்றார். அந்த ஒரு தடவைதான் இவ்வளவு நீண்டது.

முதல் வேலை காகிதம். செயலிழக்கச் செய்து காட்சிக்காகக் கொடுத்தது என்ற கடிதம் சங்கப் பீரோவில் இருந்தது. குழலின் பின்பகுதியில், தோட்டா உட்காரும் அறையில், குறுக்காகத் துளை போட்டிருக்கிறது. சுடும் ஊசியின் முனை வெட்டப்பட்டிருக்கிறது. குழலும் போல்ட்டும் வந்து சேரும் நடு இரும்புடலான ரிசீவரில் ‘டி.பி.’ என்று பெரிதாக அடித்திருக்கிறார்கள். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு. டிரில் பர்ப்பஸ், அதாவது அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும். கட்டையில் வெள்ளைப் பெயின்ட் பட்டைகளும் அதற்குத்தான். இவ்வளவு இருந்தும், ஒவ்வொரு முறை கையில் எடுக்கும்போதும் சுபேதார் சார் போல்ட்டை இழுத்து, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். ஏழு ஞாயிறும் அப்படித்தான். பழைய வீட்டுப் பரணிலோ தோட்டத்து மண்ணிலோ காகிதமில்லாமல் இப்படி ஒன்று கிடைத்தால் இந்தப் பதிவை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்ய வேண்டாம். தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

முதல் ஞாயிறு நான் செய்தது முழுக்க வீண். தோளில் முட்டுக்கொடுக்கும் பின்கட்டை வந்து செருகும் இடத்தில் ரிசீவரோடு சேர்ந்து ஓர் இரும்பு வளையம் உண்டு, துப்பாக்கியின் கழுத்து மாதிரி. அதன் வலது பக்கம்தான் முக்கிய முத்திரை. கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் ‘என்ஃபீல்டு’, ‘1917’ என்ற இரண்டு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து ‘1917 என்ஃபீல்டு’ என்று தேடினேன். வண்டி வண்டியாகத் தகவல் கொட்டியது. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பிறகுதான் தெரிந்தது, அது வேறு துப்பாக்கி. முதல் உலகப் போரில் அமெரிக்கா தன் படைக்காக வின்செஸ்டர், ரெமிங்டன், எடிஸ்டோன் தொழிற்சாலைகளில் செய்துகொண்ட எம்1917 அது. தோட்டாவே வேறு, .30-06. எங்கள் கையில் இருந்ததோ கீழே பத்துத் தோட்டா மேகசின் துருத்திக்கொண்டு நிற்கும் .303. பெயரை வைத்துத் தேடாமல் முதலில் அளந்திருந்தால் அந்த வாரம் மிச்சம்.

சரி, இரண்டாம் ஞாயிறு டேப்பை எடுத்தேன். முனையிலிருந்து பின்கட்டை அடிவரை 1,131 மில்லிமீட்டர். போல்ட்டை மூடி, வாய் வழியாக மெல்லிய மரக்குச்சியை விட்டு அடையாளம் வைத்து அளந்ததில் குழல் 640. நூலில் இருக்கும் அளவு மொத்தம் 44.5 அங்குலம், குழல் 25.2 அங்குலம். மாற்றிப் பார்த்தால் 1,130, 640. அந்த ஒரு மில்லிமீட்டர் டேப்பின் பிழையோ என் கண்ணின் பிழையோ. முன்னால் மொட்டை மூக்கு. குழலின் வாய் அந்த இரும்பு மூக்கோடு கிட்டத்தட்டச் சமமாக முடிகிறது. குறிபார்க்கும் பின்குறி ரிசீவர் மேல் இல்லாமல் குழலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 200 முதல் 2,000 கஜம் வரை கோடு. இரண்டாம் உலகப் போர்க் கால நம்பர் 4 ரைபிளாக இருந்தால் குழல் மூக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், குறி பின்னால் ரிசீவரில் துளையாக இருக்கும். ஆக இது பழைய குட்டை லீ-என்ஃபீல்டு. ஜேம்ஸ் பாரிஸ் லீயின் போல்ட்டும் மேகசினும், லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலை கொடுத்த குழல் வரியும், அதாவது குழலுக்குள் சுழன்று போகும் பள்ளங்களும், சேர்ந்த பெயர் அது. நம் ஊர்ப் போலீஸ்காரர்கள் தோளிலும் என்.சி.சி. பையன்கள் தோளிலும் பல பத்தாண்டுகள் தொங்கிய அதே .303, பேச்சில் த்ரீ நாட் த்ரீ.

அடுத்தது பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதைப் படிப்பது. இங்கே இரண்டாவது தப்பு. டர்பென்டைனைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தேன். அழுக்கு வந்ததே தவிர பெயின்ட் அசையவில்லை. பொறுமை போய் ஓர் ஓரத்தில் தின்னர் வைத்தேன். ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பெயின்ட் குழைந்து, முத்திரைப் பள்ளத்துக்குள்ளேயே சேறு மாதிரி இறங்கி உட்கார்ந்துவிட்டது. பல்குச்சியால் ஒரு மணி நேரம் நோண்டி எடுத்தேன். அந்தக் கறுப்புப் பெயின்ட்டும் துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு பகுதிதான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பெயின்ட்டை எடுக்கவே வேண்டியதில்லை. அறையை இருட்டாக்கி, சின்ன டார்ச்சை இரும்போடு ஒட்டினாற்போலப் படுக்க வைத்து, பக்கவாட்டில் ஒளி விழச் செய்தால் போதும்; பள்ளங்கள் நிழலாக எழுந்து நிற்கும். ஒரே இடத்தில் நாலு திசையிலிருந்தும் ஒளி காட்டி நாலு போட்டோ எடுக்க வேண்டும். ஒன்றில் மறைவது இன்னொன்றில் தெரியும். அதிலும் பிடிபடாத இடத்தில் டிரேசிங் தாளை இறுக்கிப் பிடித்து 6பி பென்சிலைப் படுக்கையாகத் தேய்த்தேன். சின்ன வயதில் காலணாக் காசை வைத்துத் தேய்த்தோமே, அதேதான். 10 மடங்கு லென்ஸ் இதற்கு அப்புறம்தான் உதவியது. நேர் வெளிச்சத்தில் லென்ஸை வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை.

வரிசையாகக் கிடைத்தது இது: மேலே கிரீடம். அதன் கீழ் ‘ஜி.ஆர்.’, ஐந்தாம் ஜார்ஜ். அதன் கீழ் ‘என்ஃபீல்டு’. அப்புறம் 1917. அடியில் குட்டை லீ-என்ஃபீல்டு என்பதன் சுருக்கம், ரோமன் எழுத்தில் மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். மார்க் 3 ஸ்டார். போர்க்காலத்தில் வேலையைக் குறைப்பதற்காகச் சில உறுப்புகளை விட்டுவிட்டுச் செய்த வகை. மேகசினை மூடிவிட்டுத் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட உதவும் தகடு இதில் கிடையாது. ரிசீவரின் வலப்பக்கத்தில் அந்தத் தகட்டுக்கான வெட்டும் இல்லை. ஆண்டும் வகையும் பொருந்தின. பழைய பலகையே சரி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சுபேதார் சார்தான் முட்டுக்கட்டை போட்டார். “இது தர்ரா மாலாக இருந்தா?” என்றார். கைபர் கணவாய்ப் பக்கம், தர்ரா ஆதம் கேல் போன்ற ஊர்ப் பட்டறைகளில் கையால் செய்யும் நகல்களைத்தான் சொன்னார். நல்ல கேள்வி. அந்த நகல்களில் ஆங்கிலம் தெரியாத கை அடித்த முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். எழுத்து தலைகீழாகத் திரும்பியிருக்கும், ஸ்பெல்லிங் பிசகும். விக்டோரியாவைக் குறிக்கும் ‘வி.ஆர்.’ எழுத்தைப் போட்டுவிட்டுக் கீழே 1907, 1917 என்று ஆண்டு போட்டிருப்பார்கள். அந்த அம்மா 1901 ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். என் தேய்ப்புத் தாளில் எழுத்துகளை வெர்னியரால் அளந்தேன். உயரத்தில் ஒன்றுக்கொன்று 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இல்லை. அடிக்கோடு நேர். ரிசீவரில் ஐந்தாறு இடங்களில் பொடி முத்திரை: கிரீடம், அடியில் ஓர் எண், அதனடியில் ‘இ’ எழுத்து. என்ஃபீல்டு தொழிற்சாலைச் சோதகர்களின் அடையாளம் அது. கண்ணுக்கு எளிதில் படாத மூலைகளில்கூட இருந்தது. விற்பதற்காக நகல் செய்பவன் பார்வைக்குப் படாத இடத்தில் மெனக்கெட மாட்டான். தர்ரா சந்தேகம் அதோடு தீர்ந்தது.

நான்காம் ஞாயிறுதான் திருப்பம்.

குழலின் முத்திரையைப் பார்க்க வேண்டுமானால் பின்குறிக்கும் ரிசீவருக்கும் நடுவே இருக்கும் மேல்கட்டையைக் கழற்ற வேண்டும். ஸ்குரு கிடையாது, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் பிடி குழலைக் கவ்வியிருக்கும். மேல்நோக்கி நேராகத் தூக்கினால் வரும். ஒரு பக்கமாக நெம்பினால், குறியின் இரு பக்கமும் நீண்டிருக்கும் மெல்லிய மரக்காதுகள் பிளந்துவிடும். எங்கள் துப்பாக்கியில் இடது காது ஏற்கெனவே போயிருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் நெம்பியிருக்கிறார். இரண்டு கட்டைவிரலையும் இரு பக்கமும் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நிமிடம் எடுத்துத் தூக்கினேன். வந்துவிட்டது.

அடியில் பெயின்ட் இல்லை. கெட்டியான பழைய கிரீஸ். டர்பென்டைனும் பழைய டூத்பிரஷ்ஷும் இங்கே சரியான ஆயுதம். வரிசை எண் முதலில் தெரிந்தது: ஓர் எழுத்தும் நாலு இலக்கமும். குழல் வந்து சேரும் ரிசீவர் முன்வளையத்தின் வலது பக்கத்தில் இருக்கும் எண்ணும் இதேதான். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கவே, குழலும் ரிசீவரும் ஒரே நாளில் பிறந்தவை என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அதுதான் மூன்றாவது தப்பு.

கிரீஸ் முழுதும் போனதும் இடது பக்கத்தில் ஆண்டு தெரிந்தது. இரண்டே இலக்கம்: 43. ரிசீவர் 1917, குழல் 1943 என்றால் எண் எப்படி ஒன்றாகும்? இரண்டு தேய்ப்புத் தாளையும் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்த்தேன். நாலு என்ற இலக்கம் ரிசீவரில் மேலே மூடியிருக்கிறது, குழலில் மேலே திறந்திருக்கிறது. இலக்க உயரத்தில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம். அச்சுப் பஞ்ச் வேறு, அடித்த கையும் வேறு. குழல் தேய்ந்துபோய் மாற்றும்போது, புதுக் குழலில் பழைய ரிசீவரின் எண்ணையே அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். எண் பொருந்துகிறது என்றால் இரண்டும் ஒன்றாக வேலை பார்த்தன என்றுதான் பொருள், ஒன்றாகப் பிறந்தன என்றில்லை. லேத்தில் சக் மாற்றினால் ஐ.டி.ஐ.யில் நாங்களும் மெஷின் எண்ணைத்தான் அதில் எழுதுவோம். முப்பது வருடம் அதைச் செய்தவன் இதில் ஏமாந்தேன்.

ஆண்டுக்குப் பக்கத்தில் ஓர் அம்பு. பிரிட்டிஷ் அரசு உடைமைக்கு மூன்று கோட்டு அம்புதான் அடையாளம், தெரியும். ஆனால் இந்த அம்புக்குக் காம்பு நீளமாக இருந்தது. பஞ்ச் சறுக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் போட்டோவைப் பெரிதாக்கியபோது காம்பு இரண்டு துண்டாக இருந்தது. மேலே அம்பு, சின்ன இடைவெளி, கீழே தனியாக ஆங்கில ‘ஐ’ எழுத்து. அம்பும் ஐயும் சேர்ந்தால் இந்திய அரசின் உடைமை. கனடாவுக்கு ‘சி’ எழுத்துக்குள் அம்பு, ஆஸ்திரேலியாவுக்கு இரண்டு ‘டி’க்கு நடுவில் அம்பு என்று ஒவ்வோர் அரசுக்கும் ஒன்று உண்டு. ஆனால் இது யாருடையது என்றுதான் சொல்லும், எங்கே செய்தது என்று சொல்லாது. ரிசீவர் முழுக்க இருந்த கிரீடம்-எண்-இ முத்திரை குழலில் ஓரிடத்திலும் இல்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

குழலில் ஒரு நட்சத்திரமும் இருந்தது. மார்க் 3 ஸ்டாரின் நட்சத்திரத்தை இங்கேயும் அடித்திருக்கிறார்கள் என்று முதலில் எழுதிவிட்டேன். அப்படியில்லை. குழலுக்குள் துருப்பள்ளம் விழுந்தால் ஆயுதப் பணிமனைக்காரர்கள் அடையாளத்துக்கு அடிப்பது இது. சரிபார்ப்பது எளிதாக இருந்தது. டி.பி. துளை வழியாக டார்ச் அடித்து வாய்ப்பக்கமிருந்து பார்த்தேன். ஐந்து வரிகளும் இடப்புறமாகச் சுழன்று போகின்றன. பாதி தூரத்துக்கு அப்பால் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம்.

அப்புறம் கம்பி. சுபேதார் சாருக்கு இதில்தான் உயிர். முன்கட்டையில் இரண்டு இடங்களில் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றி, ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறது. கம்பி 1.3 மில்லிமீட்டர். முன்சுற்று 64 மில்லிமீட்டர் அகலம், பின்சுற்று 71. “உள்ளே குண்டு துளைச்ச ஓட்டை இருக்கு, கம்பியை அறுத்துப் பார்த்துடலாமா வாத்தியாரே?” என்று கட்டிங் பிளேயரோடு வந்துவிட்டார். வேண்டாம் சார் என்று கையைப் பிடித்தேன். உடைந்த இடத்துக்குக் கட்டுப் போடுபவன் உடைந்த இடத்தில்தான் போடுவான். இவ்வளவு ஒழுங்காக, இரண்டு இடத்தில், ஈயம் வைத்துச் சுற்ற மாட்டான். இது பணிமனை வேலை என்று கை சொல்லியது.

அறுக்காமல் பார்க்க எண்டோஸ்கோப் கேமரா வாங்கினேன், போனில் செருகுவது. மேகசினைக் கழற்றி அந்த வழியாகவும், குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகவும் விட்டேன். கம்பிக்கு அடியில் மரம் முழுசாக இருந்தது. விரிசல்கூட இல்லை. அது கட்டு அல்ல. சண்டைக்குப் போகும் முன் போட்டுக்கொள்கிற கவசம். இப்படிக் கம்பி சுற்றியவை குண்டு எறியும் ரைபிள்கள். மூக்கில் இரும்புக் கிண்ணம் ஒன்றை மாட்டி, அதற்குள் 36ஆம் நம்பர் மில்ஸ் கையெறி குண்டை வைத்து, ஈயமில்லாத வெடித்தோட்டாவால் தள்ளுவார்கள். கையால் எறிந்து எட்டாத தூரத்துக்குப் போகும். முக்கால் கிலோ இரும்பை அப்படித் தள்ளித் தள்ளி, கட்டை சிதறிவிடாமல், குழல் வெடித்தாலும் துண்டுகள் பிடித்தவன் முகத்துக்கு வராமல் இருக்கத்தான் இந்தச் சுற்று.

சொன்னதும் சுபேதார் சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. மெசபடோமியாக் கதையை அவர் இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவர். பிறகு, “அப்போ இது அடி வாங்கினது இல்ல, அடி குடுத்தது” என்றார். முகம் தெளிந்துவிட்டது.

கம்பி இன்னொரு விதத்திலும் வேலையைக் கட்டிப்போட்டது. அது முன்கட்டையையும், பின்குறிக்கு முன்னால் உள்ள மேல்கட்டையையும் குழலோடு சேர்த்துச் சுற்றியிருப்பதால், கம்பியை அறுக்காமல் முன்கட்டை கழலாது. முன்கட்டை கழலாவிட்டால் பின்கட்டையையும் தொடக்கூடாது. இதை நான் கேள்விப்பட்டது, பின்கட்டைக்குள் நீள ஸ்குருடிரைவரை விட்டுக் கால் சுற்றுத் திருப்பிய பிறகு. கை பாரமாக உணர்ந்ததும் நிறுத்திவிட்டேன்; அது என் நல்ல காலம். பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும். அது முன்கட்டையின் பின்னால் உள்ள தகட்டில் போய்ப் பொருந்தும். முன்கட்டை இருக்கும்போதே போல்ட்டைத் திருப்பினால், சதுர முனை மரத்தை நெம்பிப் பிளந்துவிடும். அதே கால் சுற்றைத் திரும்பக் கொண்டு வந்து வைத்தேன். மரத்தில் புது விரிசல் ஏதும் இல்லை என்று கேமராவில் மூன்று தடவை பார்த்தேன்.

கழற்ற முடியாத முன்கட்டையும் வெளியிலிருந்தே ஒன்று சொன்னது. ரிசீவர் முன்வளையத்துக்குக் கீழே, கட்டையின் இடமிருந்து வலமாக ஒரு குறுக்கு ஸ்குரு போகிறது. என்ஃபீல்டில் பிறந்த துப்பாக்கியில் இது கிடையாது. கட்டை பிளக்காமலிருக்க இந்தியாவில் சேர்த்தது. சேகரிப்பவர்கள் இதை இஷாப்பூர் ஸ்குரு என்றே சொல்கிறார்கள். கல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், முன்பு வெடிமருந்து செய்த இடத்தில் எழுந்த ரைபிள் தொழிற்சாலை இஷாப்பூர். அங்கேயே முழுசாகச் செய்த துப்பாக்கி என்றால் கழுத்து வளையத்தில் ‘ஜி.ஆர்.ஐ.’ என்று, பேரரசர் என்பதற்கான ஐயும் சேர்ந்து இருக்கும். கீழே இஷாப்பூர் என்று பெயர். சுதந்திரத்துக்குப் பின் செய்தவற்றில் கிரீடத்தின் இடத்தில் அசோகச் சிங்கம் வந்து, ‘ஆர்.எஃப்.ஐ.’ என்று மாறிவிட்டது. எங்களுடையது கழுத்தில் இங்கிலாந்து, முன்கட்டையில் இந்தியா. மர நிறமும் அதையே சொல்கிறது: பின்கட்டை கரும்பழுப்பு, முன்கட்டை வெளிறிய செம்மண் நிறம். ஒரே மரத்தில் வெட்டியதல்ல.

அந்த ஸ்குருவைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் கை சும்மா இருக்கவில்லை. தலைப்பள்ளம் 1.1 மில்லிமீட்டர், என் டிரைவர் முனை ஆப்பு மாதிரிச் சரிந்தது. வழுக்கி, 14 மில்லிமீட்டருக்கு மரத்தில் கீறல். நூறு வருடத் தழும்புகளுக்கு நடுவே என் தழும்பும் ஒன்று. ஆளி விதை எண்ணெய் தடவி மறைத்தேன். உற்றுப் பார்த்தால் தெரியும்.

போல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு வேறு எண் அடித்திருக்கிறது. அதுவும் ரிசீவர் எண்ணோடு பொருந்தவில்லை. பயிற்சித் துப்பாக்கியாக்கும்போது கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டிருப்பார்கள். மூக்கின் எண் மூன்றாவது ஒன்று.

எனக்கு மனம் ஆறாத இடம் பின்கட்டையின் அடித்தகடு. பித்தளை. படைப்பிரிவு எழுத்துகளும் அடுக்கு எண்ணும் இருந்தால் இந்தத் தகட்டில்தான் இருக்கும். முதல் ஞாயிறே, பளபளவென்று இருக்கட்டும் என்று பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்துவிட்டேன். அதற்கு முன் அங்கே ஒரு வரி இருந்தது என்று பிறகு படுக்கை ஒளியில்தான் தெரிந்தது. ‘12’ மட்டும் தேறுகிறது. மீதி ஆறேழு எழுத்துகள் பேயுருவாக நிற்கின்றன. தாளில் தேய்த்தாலும் வரவில்லை. பழியை நானே முழுக்கச் சுமக்கப் பார்த்தேன். விசாரித்ததில் சங்கத்தில் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் தகட்டைத் தேய்ப்பது வழக்கமாம். சுபேதார் சாரின் ஒழுங்கு. படையில் பித்தளை மின்னாவிட்டால் தண்டனை வாங்கியவர். அவரை என்ன சொல்ல? ஆனால் கடைசியாகத் தேய்த்தது நான்தான், அதற்கு முன் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

மெசபடோமியாவைப் பற்றி இரும்பில் ஒரு சொல்லும் இல்லை. 1917 ரிசீவர் அங்கே போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். பலகையில் ‘இருக்கலாம்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது. விட்டுவிட்டோம்.

செலவு: லென்ஸ் 350 ரூபாய். எண்டோஸ்கோப் 850. டிரேசிங் தாளும் பென்சிலும் 60. டர்பென்டைன் 120. ஆளி விதை எண்ணெய் 160, அதில் முக்கால் புட்டி மிச்சம். பெயர்ப்பலகை 450. மொத்தம் 1,990. பாதியைச் சங்கம் கொடுத்தது. வெர்னியரும் டார்ச்சும் என்னுடையவை. முதல் தின்னரை நான் கணக்கில் சேர்க்கவில்லை, வெட்கமாக இருந்தது.

மறுபடி ஒன்று கைக்கு வந்தால் முதல் நாள் துணிகூட வைக்க மாட்டேன். இருக்கிற அழுக்கோடு, நாலு பக்க ஒளியில் போட்டோ. இரண்டாவது, ‘துப்பாக்கி’ என்று ஒரே பக்கத்தில் எழுத மாட்டேன். ரிசீவர், குழல், போல்ட், மூக்கு, முன்கட்டை, பின்கட்டை, அடித்தகடு என்று ஒவ்வொன்றுக்கும் நோட்டில் தனிப் பக்கம். எண், ஆண்டு, முத்திரை, நிறம். நான் ஐந்தாவது ஞாயிறு அப்படிப் பிரித்து எழுதிய பிறகுதான் எல்லாம் நிமிர்ந்தது. ஸ்குருடிரைவர் முனையைச் சாணை பிடித்து, பள்ளத்துக்குச் சரியாக இணையாக்கி வைத்திருக்கிறேன். அதைப் பயன்படுத்தாமலிருக்கவே முயல்வேன்.

புதுப் பலகை இப்படி:

ரிசீவர்: என்ஃபீல்டு, இங்கிலாந்து, 1917.
குழல்: 1943, இந்திய அரசு உடைமை முத்திரை.
முன்கட்டை: இந்தியாவில் மாற்றியது. குண்டு எறிவதற்காகக் கம்பி சுற்றியது.
பின்னாளில் அணிவகுப்புப் பயிற்சிக்கு.
படைப்பிரிவு: முத்திரை தேய்ந்துவிட்டது.

கடைசி வரியைச் சுபேதார் சார் இரண்டு தடவை படித்தார். பீரோக் கதவின் உள்பக்கத்தில் ‘பித்தளையைத் தேய்க்காதே’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினார். ஒட்டும்போதுதான் சொல்கிறார், அதே பீரோவின் கீழ்த்தட்டில் உறையோடு ஒரு பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி, இருக்கிறதாம். இந்த ரைபிளுக்கு உரிய 1907 மாதிரியின் அலகு 17 அங்குலம். இவர் கைச்சாணால் அளந்து ஒரு சாண், நாலு விரல் என்கிறார். 12 அங்குலம்தான் வரும். இந்தியாவில் வெட்டிக் குட்டையாக்கியதாக இருக்கும். துடைக்காமல் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.